ஸ்டெப்னி இல்லாத காரில் சிதம்பரம்

காலை எட்டு மணிக்கு கடலூர் மஞ்சக்குப்பத்தில் வண்டியை எடுத்தோம். 2012 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். தானே புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது; எங்கள் தெருவுக்கு முந்தின நாள்தான் கரண்டு வந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். போகிற காரியம் இரண்டு. ஒன்பதாம் மாதத்தில் இருக்கும் என் மகள் ஜெசியை, ஆரம்பத்திலிருந்து அவளைப் பார்த்துவரும் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். பிறகு காருக்கு டயர் பார்க்க வேண்டும்.

ஓட்டியவன் என் மச்சான் அமல்ராஜ், என் மனைவியின் தம்பி. என் மனைவி இறந்து அப்போது நான்கு வருடமாகியிருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஜெசி வந்துவிட்டாள். அந்தத் தாய்வீட்டில் இருந்ததோ நாங்கள் இரண்டு ஆம்பளைகள். பிரசவத்தைப் பற்றி எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனால் தெரிந்த விஷயமான வண்டியைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தோம்.

கார் மாப்பிள்ளையுடையது. குவைத்துக்குப் போகும்போது எங்கள் வாசலில் விட்டுப் போனார். சென்னையில் யாரிடமோ பழசாக வாங்கிய வெளிநாட்டு வண்டி. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி கிடையாது, ஜாக்கி கிடையாது. ஏனென்றால் அதில் போட்டிருப்பது ரன்-ஃப்ளாட் டயர். காற்று மொத்தமும் போனாலும் பக்கச்சுவர் தடிமனில் வண்டி நிற்கும். எண்பது வேகத்துக்குள் எண்பது கிலோமீட்டர் ஓடுமாம். அந்த டயர்கள் நான்கும் தேய்ந்துவிட்டன என்று பாண்டிச்சேரியில் சர்வீஸ் விட்ட இடத்தில் சொல்லிவிட்டார்கள்.

வலி எப்போது வந்தாலும் ஜெசி இந்தக் காரில்தான் இந்தச் சாலையில்தான் போகவேண்டும். சாலை முழுக்க ஆணி. புயலில் பறந்த தகரக் கூரைகளின் ஆணிகள் மூலைக்கு மூலை கிடந்தன. பஞ்சர் கடைக்காரர்களுக்கு மட்டும் அந்த வருடம் பொங்கல் இரண்டு தடவை வந்தது.

"சாதா டயரே போட்டுடலாம் மாமா. ஒண்ணு ஏழாயிரம். அஞ்சாவதா ஒண்ணு வாங்கி டிக்கில போட்டுட்டா தீந்துச்சு. இந்த ரன்-ஃப்ளாட்டு ஒண்ணு பதினாலாயிரம். பட்டணத்துலேர்ந்து வரணும். தேவையா நமக்கு?" இது அமல்.

"டிக்கில டயர வெச்சா என் பெட்டிய எங்க வெப்பீங்க, உங்க தலையிலயா?" என்று பின்சீட்டிலிருந்து ஜெசி. "அவரு போன்ல கண்டிப்பா அதையே போடச் சொன்னாரு."

"அவருக்கென்ன, குவைத்ல ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும்."

நான் மனசுக்குள் அமல் கட்சிதான்.

எட்டேமுக்காலுக்கு ஆலப்பாக்கம் தாண்டினோம். இரண்டு பக்கமும் முந்திரி மரங்கள் வேரோடு படுத்திருந்தன. கூரை போன வீடுகளின் மேல் நீலத் தார்ப்பாய். ஓரிடத்தில் சாய்ந்த கரண்டு கம்பத்தின் மேல் ஒருவர் துணி உலர்த்தியிருந்தார். வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. "ரோடு மோசம் மாமா," என்றான் அமல். நானும் ஆமாம் என்றேன். அந்தச் சாலையில் எந்த வண்டிதான் நேராகப் போகும்?

புதுச்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினோம். டீ ஐந்து ரூபாய், ஜெசிக்குப் பால். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அமல் வண்டியைச் சுற்றி வந்து நான்கு டயரையும் ஒவ்வொரு உதை உதைத்தான். எங்கள் பக்கத்தில் லாரியோ மாட்டுவண்டியோ காரோ, டயருக்குப் பரிசோதனை என்றால் உதைதான். "கல்லு மாதிரி இருக்கு மாமா!" என்றான். எனக்கும் திருப்தி.

புவனகிரிப் பாலம் தாண்டி, கோபுரம் கண்ணில் பட்டு, சிதம்பரத்துக்குள் நுழையும்போது ஒன்பதே முக்கால். கீழவீதி நெரிசலில் சைக்கிள்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே ஊர்ந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "குழந்தை தலை கீழ திரும்பிடுச்சு, எல்லாம் நல்லா இருக்கு. வலி வந்துச்சுன்னா மட்டும் லேட் பண்ணாம கெளம்பி வந்துடுங்க," என்றார். எனக்கு அந்த 'மட்டும்' ஒன்றுதான் காதில் நின்றது.

பன்னிரண்டு மணிக்கு டயர் கடை. கடைக்காரர் பரங்கிப்பேட்டைக்காரர், எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். கரண்டு இல்லாததால் ஜெனரேட்டர் காதைக் கிழித்தது. ஜெசிக்கு விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டுவிட்டு, பாய் ஒவ்வொரு டயராகக் காற்று பார்த்து வந்தார். பின்னால் இடது பக்கத்துக்கு வந்ததும் மறுபடியும் ஒரு தரம் வைத்துப் பார்த்தார்.

"சார், இதுல காத்தே இல்ல."

"கொறைவா இருக்கா?"

"கொறைவு இல்ல சார். சுத்தமா ஜீரோ."

கழற்றிப் பார்த்தார்கள். கூரை ஆணி ஒன்று, வட்ட ரப்பரோடு, பொட்டு வைத்தது போல ஏறியிருந்தது. டயரின் உள்ளிருந்து கறுப்பாக ரப்பர் பொடி கொட்டியது. "ரொம்ப தூரம் வெறும் டயர்ல ஓடியிருக்கு. இன்னும் கொஞ்சம் போயிருந்தா கிழிஞ்சிருக்கும். ஏன் சார், விளக்கு எரியலியா?" என்றார் பாய்.

"எந்த விளக்கு?" என்றேன்.

அமல் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, மீட்டர் கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்தை நகத்தால் உரித்தான். அடியில், டயரில் காற்று குறைந்தால் எரிகிற மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பாண்டிச்சேரி சர்வீஸிலிருந்து வந்த நாள் முதலே அந்த விளக்கு எரிந்திருக்கிறது. கடலூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் சென்சார் கோளாறு, கண்டுகொள்ளாதே என்று சொல்லியிருக்கிறார். கண்டுகொள்ளாமல் இருக்க இவன் பார்த்த வழி மாதா படம். நானும் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து தினமும் அதைக் கும்பிட்டிருக்கிறேன்!

எனக்கு வந்த கோபத்துக்கு நடுக்கடையில் கத்தியிருப்பேன். அதற்குள் அமலே கத்தாத குறையாகச் சொன்னான்: "சாதா டயரா இருந்திருந்தா புவனகிரி பாலத்து மேல உக்காந்திருப்போம் மாமா. அவள வெச்சிக்கிட்டு." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் நான் எங்கே கத்துவது?

ஜெசி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்கு மாமா. மாதா நம்மள காப்பாத்துறாங்க, நீங்க மாதாவ வெச்சி விளக்க மூடுறீங்க," என்று சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு உயிர் வந்தது. "பாய், நாலும் ரன்-ஃப்ளாட்டே வரவழைங்க," என்றேன்.

சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார் பாய். இந்த டயரில் இனி ஓட்டக்கூடாது, பஞ்சரும் போடக்கூடாது. வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் பாசஞ்சர் ரயிலில் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் திரும்பினோம். ஜன்னலோரம் ஜெசி தூங்கிவிட்டாள்.

இரண்டாம் நாள் நாங்கள் இருவர் மட்டும் போனோம். நான்கு புது டயரும் ஏறியிருந்தது. பாய் எங்களை உட்காரவைத்து காற்றைச் சரிபார்த்த பிறகு விளக்கை அணைக்கும் பட்டனை அமலுக்கு இரண்டு தரம் காட்டிக் கொடுத்தார். பிறகு மேசைக் கண்ணாடிக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்த மாதா படத்தை எடுத்து நீட்டினார். "தூக்கிப் போட மனசு வரல சார். மர்யம் அம்மாவாச்சே. என் பொண்ணு பேரும் மர்யம்தான்." படத்தைப் பின்பக்கக் கண்ணாடியில், ஜெசி உட்காரும் பக்கமாக அமல் ஒட்டினான். திரும்பும்போது வண்டி முன்னைவிடக் கடினமாகக் குலுங்கியது. எனக்கு அந்தக் குலுக்கல் இதமாகவே இருந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சோறு உண்ணும் நேரத்தில் வலி கண்டது. அமல் ஓட்ட, நான் முன்சீட்டில், ஜெசியும் பக்கத்து வீட்டு லூர்துமேரி அக்காவும் பின்னால். ஆலப்பாக்கம் வந்தது, புதுச்சத்திரம் வந்தது, எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. மீட்டரின் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டாக இருந்தது. குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் குனிந்து மறுபடி பார்த்தேன். அப்போதும் இருட்டாகவே இருந்தது. "எரியல மாமா, எரியல," என்று அமல் வேறு நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டே வந்தான்.

புவனகிரிப் பாலத்தின் மேல் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அப்பா! வெளக்க பாத்தது போதும். என் கைய புடிங்க!"

சீட்டுகளுக்கு நடுவே கையை நீட்டினேன். எலும்பு நொறுங்குகிற மாதிரி அவள் பிடித்தாள். சிதம்பரம் வரைக்கும் விடவில்லை. அந்தக் கையை அவள் அம்மா அல்லவா பிடித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். டயர் ஞாபகம் அதற்கப்புறம் எனக்கு வரவே இல்லை.

மூன்றே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடலூர் திரும்பிய அன்று நான் பின்சீட்டில்தான் உட்கார்ந்தேன்.