பிரிண்டிலுக்கு நீல மை

1. பதினொரு கூரை

ஒருத்தி குடியிருந்த வீட்டைப் பாழ்வீடு என்று மேப்பில் குறித்தவன் நான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில் ஒரு வரைபடக் கந்தோரில் எனக்கு டிராஃப்ட்ஸ்மன் வேலை. விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஸ்டீரியோஸ்கோப் என்ற இரட்டைக் கண்ணாடிக் கருவியில் பார்த்து, ரோடு, வேலி, வீடு என்று கீற வேண்டும். வாகனத் தடம் போகாத வீட்டில் ஆள் இல்லை என்பது எங்கள் கைக்கணக்கு. தூர மேற்கே பிரிண்டில் என்ற பழைய மாட்டு ஊரில் பதினொரு கூரைகள் தெரிந்தன. ஒன்றுக்கும் தடம் இல்லை. பதினொன்றுக்கும் 'ரூயின்', அதாவது பாழ், என்று எழுதினேன்.

ஆள் இல்லாத ஊரின் பெயரைப் புதுப் பதிப்பில் எடுத்துவிடுவது விதி. எங்கள் சீஃப் கென் அதற்கு உடனே சம்மதிக்கவில்லை. அவர் இங்கிலிஷில் சொன்னது எங்கள் தமிழில் இப்படி வரும்: "போய்ப் பாத்திட்டு வா. செத்திட்டுதெண்டு எழுத முதல் நாடி பிடிச்சுப் பாக்கவேணும்."

2. ஆலிஸ்

ஜீப்பில் இரண்டு நாள் ஓட்டம். கட்டிக்கொண்டு போன சோறு முதல் நாள் மத்தியானமே முடிந்துபோனது. போய்ச் சேர்ந்தால் ஒரு கூரையின் மேல் புகை! ஆலிஸ் என்ற அந்த மனுசிக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். மாடு சாய்த்து, அதாவது மந்தைகளை ஊர் ஊராக ஓட்டி, வாழ்ந்த ஒருவரின் விதவை. கார் கிடையாது, குதிரைதான். குதிரைக் குளம்பின் தடம் அவ்வளவு உயரத்திலிருந்து தெரியுமா?

டிராஃப்ட் ஷீட்டைச் சுருட்டி ஒளிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் வீட்டைத் தேடிப் பிடித்து, 'ரூயின்' மேல் விரலை வைத்தார்.

"அப்ப, தம்பி, தேத்தண்ணி குடிக்கிறியோ எண்டு உன்னைக் கேக்கிறது ஆர்?"

எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் தேத்தண்ணி நல்ல சாயமாக இருந்தது.

பிறகு ஊரைச் சுற்றிக் காட்டினார். குயின்ஸ்லாந்திலிருந்து மந்தைகளை மாதக்கணக்கில் நடத்தி வருகிறவர்கள் தண்ணீர் காட்ட நின்ற இடமாம் அது. ஆழக் குழாய்க்கிணற்றில் தண்ணீர் தானாகவே மேலே வரும். அதை நம்பி இரண்டு ஹோட்டல், கொல்லன் பட்டறை, பள்ளிக்கூடம், குதிரைப் பந்தயத் திடல் எல்லாம் வந்தன. ரெயில் வேறு ஊருக்குப் போயிற்று. பிறகு மாடுகளை லொறியில் ஏற்றத் தொடங்கினார்கள். நடக்காத மாட்டுக்கு நடுவழியில் தண்ணீர் எதற்கு? சனம் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுவிட்டது.

3. தொட்டி

ஆலிஸ் மட்டும் தினமும் காலையில் கிணற்றடித் தொட்டியின் பாசியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். மழை பொய்த்த வருடங்களில் மந்தைகள் இன்னமும் புல் தேடி அந்த வழியாக நடந்து வருமாம். அடுத்த தண்ணீர் இரண்டு நாள் நடை. ஊரின் பெயரை எடுக்கிற விதியை நான் சொன்னதும் அவர் சொன்னார்:

"என்ரை வீட்டை நீ எப்பிடியும் கீறு. ஊரின்ரை பேரை எடுத்தால், இஞ்சை தண்ணி இருக்கெண்டு வாறவனுக்கு ஆர் சொல்லுறது? நான் எவ்வளவு காலத்துக்கு வாசலிலை நிப்பன்?"

தொட்டிக்குப் பக்கத்தில் மாடுகள் உரசி உரசி வழவழப்பாகிப்போன ஒரு மரக்குற்றி நின்றது. யாழ்ப்பாணத்து ரோட்டோரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மாடு உரச நட்டிருக்கும் ஆவுரஞ்சிக்கல்லைப் பார்த்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

4. வேறொரு பக்கம்

ஒரேயொரு வீடு ஊர் ஆகாது என்று விதிப் புத்தகம் சொன்னது. நான் வேறொரு பக்கத்தைப் புரட்டினேன். தண்ணீர் உள்ள இடத்துக்குப் பெயர் இருந்தால் அதை நீல எழுத்தில் போட வேண்டும். அங்கே ஆட்கணக்குப் பார்ப்பதில்லை. ஆலிஸின் வீட்டை ஆள் உள்ள வீடு என்று மாற்றினேன். கறுப்பில் இருந்த 'பிரிண்டில்' என்ற பெயரை அழித்து, கிணற்றுக்குப் பக்கத்தில் நீலத்தில் எழுதிக் கென்னிடம் நீட்டினேன்.

"அந்தக் கிணத்துக்கு உண்மையா இதுதான் பேரோ?"

"ஊரிலை இருக்கிற எல்லாரையும் கேட்டனான். எல்லாரும் ஓம் எண்டவை" என்றேன். கென் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மேப் அச்சாகி இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பிழை கண்டவர்கள் எங்களுக்கு எழுதுவது வழக்கம். மாடு சாய்க்கும் ஒருவர் எழுதியிருந்தார்: மழை இல்லாததால் உங்கள் மேப்பின் நீலப் பெயரைப் பார்த்து மந்தையோடு வந்தோம். மாடுகள் எல்லாம் குடித்தன. ஆள் உள்ள வீடு என்று ஒன்று போட்டிருக்கிறீர்கள். அங்கே இப்போது ஒருவரும் இல்லை. கிழவி போன குளிர்காலத்தில் இறந்துபோனாவாம். திருத்திவிடவும்.

இப்போது சாட்டலைட் படத்தைப் பார்த்து மேப் கீறுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது கென் சொன்னதுதான்: எழுத முதல் நாடி பிடித்துப் பாருங்கள்.

அன்று, கடிதத்தை வைத்துக்கொண்டு, ஆலிஸின் அந்தப் பதினோராவது வீட்டுக்கும் மறுபடி 'ரூயின்' எழுதினேன். இங்கிலிஷில் நாலெழுத்து; அந்த வேலைக்கு ஒரு காலை முழுவதும் தேவைப்பட்டது. நீல எழுத்தில் நான் கைவைக்கவில்லை.