போர்ச்சேவகனின் நேர்த்திக்கடன்

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாக இருந்தபோது, அங்கிருந்த சின்னக் கத்தோலிக்கக் கோயிலில் பெரிய வெள்ளிக்குப் பாஸ்கு போடுவார்கள். யேசு பட்ட பாடுகளை நாடகமாக நடித்துக் காட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். நானும் வேதக்காரிதான், ஆனால் யாழ்ப்பாணத்துச் சபைக்காரி, கத்தோலிக்கம் இல்லை. எங்கள் ஊரில் பெரிய வெள்ளி என்றால் மத்தியானம் முழுக்கப் பிரசங்கம் கேட்டுவிட்டு, வயிறு காயக் காய வீட்டுக்குப் போவதோடு சரி. ஆண்டவரை வேஷம் கட்டி மேடையில் ஏற்றலாம் என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. அதனால்தான், வசனம் எழுதித் தருவீர்களா என்று உபதேசியார் கேட்டவுடன் சம்மதித்துவிட்டேன்.

பாதிரியார் டவுனிலிருந்து எப்போதாவதுதான் வருவார். செபம் சொல்வது, ஞானோபதேசம் படிப்பிப்பது, செத்தவர்களை அடக்கம் பண்ணுவது, தொழிலாளர் லயத்துச் சண்டைகளைத் தீர்ப்பது எல்லாமே உபதேசியார்தான். பாஸ்குவில் யேசுவுக்குத் தண்டனை வாங்கிக் கொடுக்கிற பிரதான குருவாக நடிப்பவரும் அவரே. அந்த வேஷத்துக்கு அவரை விட்டால் ஆளே இல்லை என்று தோட்டமே சொன்னது. அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

எழுத உட்கார்ந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது ஏளனக் காட்சிதான். நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். மூன்றில் ஆளுநரின் சிப்பாய்கள் சிவப்பு அங்கி போர்த்தி, ராஜாவே வாழ்க என்கிறார்கள். ஒன்றில் ஏரோது மினுக்கான உடை உடுத்தி அனுப்புகிறான். குருமார் வீட்டிலோ கேலியே வேறு. கண்ணைக் கட்டிவிட்டு, உன்னை அடித்தது யார் என்று ஞானதிருஷ்டியால் சொல் பார்ப்போம் என்கிறார்கள். அரண்மனைக்காரன் ராஜாவைக் கேலி செய்கிறான், கோயில்காரன் தீர்க்கதரிசியைக் கேலி செய்கிறான். அவரவருக்கு எதைக் கண்டு பயமோ அதைத்தான் பழித்தார்கள் என்று எனக்குப் பட்டது. இதை உபதேசியாரிடம் சொன்னேன். சிவப்புத் துணிக்கு வழி என்ன என்று அவர் கேட்டார்.

துணி மாரியம்மன் கோயில் கூத்துப் பெட்டியிலிருந்து வந்தது. சேவகர் தலைவனாக நடித்தவரும் அதே கூத்திலிருந்துதான் வந்தார். அவர் இந்து. மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்தில் பல வருஷம் ஆடியவர், நல்ல உயரம், எதிர் மலைக்குக் கேட்கும் குரல். அவருடைய மனைவிக்கு அதுவரை ஒரு பிள்ளையும் வயிற்றில் தங்கவில்லை. இந்தத் தடவை தங்கினால் பாஸ்குவில் நடிக்கிறேன் என்று மாதா சுரூபத்தின் முன் நேர்ந்திருந்தார். தங்கியது. அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். என்ன வேஷம் என்று அவர் நேரவில்லை. உபதேசியார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சவுக்கைக் கையில் கொடுத்துவிட்டார்.

ஒத்திகைகளில் மனிதர் வெளுத்து வாங்கினார். யேசுவாக நடித்தவர் ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிற, அதிகம் பேசாத ஒருவர். அவரைச் சாதாரணச் சேட்டும் சாரமுமாக வைத்து அடிப்பதில் சிக்கல் எதுவும் வரவில்லை. வேஷம் கட்டி ஒத்திகை பார்த்த அன்றுதான் வந்தது வினை. சிவப்பு அங்கியும் முள்முடியுமாக அவர் வந்து நிற்க, சேவகர் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் என்னைத் தேடி வந்தார்.

"டீச்சர், நான் நேந்துக்கிட்டது சாமிக்கு. அந்தச் சாமி மூஞ்சிலேயே துப்பச் சொல்றாங்களே. வயித்துப் புள்ளைக்கு ஆகுமா?"

"இது நடிப்புத்தானே. நீங்கள் உண்மையா அவமதிக்கேல்லையே."

"காமன் கூத்தும் நடிப்புதாங்க. ஆனா வேசம் கட்டிட்டா அது சாமி. பெத்த தாயே கும்புடும். வேசத்தக் கலைக்கிற வரைக்கும் பேரு சொல்லிக் கூப்புட மாட்டோம்."

நடிக்காவிட்டால் நேர்த்தி தவறும், நடித்தால் தெய்வக் குற்றம். பிள்ளைக்காகப் போன மனிதர் பிள்ளையைப் பணயம் வைத்துவிட்டு நிற்பதுபோல நின்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, விடை தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது. உபதேசியாரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

உபதேசியார் பொறுமையாகத்தான் விளக்கினார். "அவனுங்க கேலியாச் சொன்னது அத்தனையும் நெசம். ராஜான்னானுங்க, அவரு ராஜாதான். முட்டி போட்டானுங்க, போட வேண்டிய எடந்தான். தெரியாமச் செஞ்சானுங்க, அவ்வளவுதான்."

சேவகர் யோசித்தார். "எனக்குத்தான் தெரியுமேங்க. தெரிஞ்சு சொன்னா அது கேலியா, கும்புடா?"

உபதேசியார் ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இலைக்கறி ஆயும்போதும் அதே நினைவு. யேசு பிள்ளையாக இருந்தபோது கிழக்கிலிருந்து தேடி வந்து முழங்காலிட்டவர்கள் அந்நியர். சாகப்போகும்போது கேலிக்காக முழங்காலிட்டவர்களும் அந்நியர். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் இரண்டு தடவையும் முழங்கால் மடக்கவில்லை. இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. பிரதான குருவின் வேஷக்காரரிடம் போய்ச் சொல்ல எனக்கு நல்ல ஆசைதான், ஆனால் வாயை அடக்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாக, துப்புகிற செய்தி இரண்டு சுவிசேஷங்களின் அந்தக் காட்சியில் இல்லை என்று எடுத்துக் காட்டினேன். வேதமே விட்டதை நாமும் விடலாம் என்று அவரும் வேண்டாவெறுப்பாக இறங்கி வந்தார். ஒரு அறை மட்டும் போதும் என்று முடிவானது. சேவகர் அதற்கு ஒத்துக்கொண்டார். முகம் மட்டும் தெளியவில்லை.

பெரிய வெள்ளியன்று தூறலோடு சனம் நிறைந்துவிட்டது. கத்தோலிக்கரைவிட இந்துக்கள்தான் அதிகம். சேவகரின் மனைவி முன்வரிசையில் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தாள். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏளனக் காட்சியில் சேவகர் யேசுவின் முன் முழங்காலிட்டு, ராஜாவே வாழ்க என்றார். கேலியாகச் சொல்லத்தான் எழுதியிருந்தேன். அந்தக் குரலில் கேலி நின்றதோ என்னவோ, முன்னாலிருந்த பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிறகு எழுந்து அறைந்தார். மெதுவாகத்தான் அறைந்தார், ஆனால் கூத்தாடியின் கை, பார்ப்பவர்களுக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. கூட்டத்தில் ஒரு பெண் ஆவேசம் வந்தவளாக எழுந்துவிட்டாள்.

"அடப் பாவி, சாமியவா அடிக்கிற? ஒன் வமுசம் வெளங்குமா? ஒனக்குப் புள்ள தங்குமா?"

யாரைப் பார்த்து என்ன சொல்கிறோம் என்று அவளுக்கு அந்த நேரம் நினைவில்லை. மற்ற எல்லோருக்கும் இருந்தது. மேடையில் சேவகர் அப்படியே நின்றுவிட்டார். கீழே அவர் மனைவி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வசனம் சேவகருடையது. எடுத்துக் கொடுக்க எனக்கும் நா எழவில்லை.

அப்போது யேசு அசைந்தார். அந்த இடத்தில் அவருக்கு நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. எந்தச் சுவிசேஷக்காரரும் எழுதவில்லை. கட்டிய கைகளை அப்படியே தூக்கிச் சேவகரின் தலையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல. ஒன் புள்ள நல்லாருக்கும்."

சேவகர் உடைந்து அழுதார். அழுதுகொண்டேதான் யேசுவைச் சிலுவைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூட்டமும் கூடவே அழுதது. அவர் மனைவி வயிற்றிலிருந்து கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் பிள்ளை சுகமாகப் பிறந்தது. அதை வைத்து நான் எதையும் நிரூபிக்கப் போவதில்லை. என் மனதில் நிற்பது, பாஸ்கு முடிந்ததும் திரைக்குப் பின்னால் நடந்ததுதான். பிரதான குருவின் அங்கியைக்கூடக் கழற்றாமல் உபதேசியார் யேசுவைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த வேதத்துலய்யா இருக்கு? அந்த எடத்துல அவரு வாயே தொறக்கல. மன்னிக்கிறது சிலுவையிலதான். அதுகூடத் தெரியாதா ஒனக்கு?"

யேசுவாக நடித்தவர் தன் தலைமுடியில் சிக்கிய முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே சொன்னார்.

"தெரியுங்க. ஆனா சிலுவைக்குப் போய்ச் சேர இன்னும் நேரம் கெடந்துச்சு. வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு அந்தப் பொம்பள அது வரைக்கும் எப்புடிங்க தாங்கும்?"