வாவித் தண்ணீரும் மூன்று தையலும்

பிள்ளைகளே, வாவித் தண்ணீரை வாயில் வைத்தால் நான் ஏன் அப்படிச் சத்தம் போடுகிறேன் என்று கேட்கிறீர்கள். அது சண்டைக் காலத்துக் கதை. நீங்கள் அப்போது பிறக்கவில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் முரசை, அதுதான் பல் ஈறை, வெட்டி என் கடைவாய்ப் பல்லை எடுத்து, கறுப்பு நூலால் மூன்று தையல் போட்டார்கள். "ஏழாம் நாள் வாங்க, நூல் எடுக்கவேணும். அதுவரைக்கும் உப்புத் தண்ணியால கொப்பளிங்க" என்றார் டொக்டர். கடலோடு சேர்கிற இந்த வாவியைத் தோணியில் கடந்து வீட்டுக்கு வந்தேன். மறுநாளே சண்டையால் தோணித்துறையைப் பூட்டிவிட்டார்கள். ஒரு தோணியும் அக்கரைக்குப் போகவில்லை. கடையில் உப்பும் முடிந்துபோயிற்று.

என் மச்சான் சிரித்தான். "வாசல்ல வாவி முழுக்க உப்புத் தண்ணி கிடக்கு. நீ என்னடா எண்டா கடையில உப்புத் தேடுறாய்!"

எனக்கும் அது சரியாகவே பட்டது. பிறந்ததிலிருந்து மீன் பிடிக்கிற தண்ணீர்தானே. காலையும் மாலையும் அள்ளிக் கொப்பளித்தேன்.

ஆறாம் நாள் கன்னம் வீங்கியது. எட்டாம் நாள் வாய்க்குள் ஒரு விரல்கூட நுழையவில்லை. நூலிலிருந்து வந்த நாற்றம் எனக்கே பொறுக்கவில்லை. காயவைக்காத வலையின் நாற்றம். வலையென்றால் வெயிலில் விரிக்கலாம். நூலை வெட்ட உங்கள் அம்மா கத்தரிக்கோலை அவித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"இஞ்ச பாருங்க, கொஞ்சம் 'ஆ' எண்டுங்க."

முடியவில்லை.

"என்னை ஏசுறதுக்கெண்டா மட்டும் நல்லாத் திறக்கும்" என்றவர், சொன்ன கையோடு அழுதுவிட்டார்.

அக்கரையில் ஆஸ்பத்திரிக் கூரை தெரிந்தது. காய்ச்சலோடு அதைப் பார்த்தபடியே கிடந்தேன்.

பன்னிரண்டாம் நாள் துறை திறந்தது. டொக்டர் ஊசி போட்டு, மெல்ல மெல்ல வாயைத் திறக்கவைத்து, ஊறிப்போன நூலை இழுத்தார். சீழும் கூடவே வந்தது.

"என்னத்தால கொப்பளிச்ச நீங்க?"

சொன்னேன்.

"ஐயோ! இது பின்னின பட்டுநூல். விளக்குத்திரி எண்ணெய் குடிக்கிற மாதிரித் தண்ணியக் குடிக்கும். அதில இருந்த கிருமியெல்லாம் நூல் வழியாக் காயத்துக்குள்ள இறங்கியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா கழுத்துக்கும் போயிருக்கும்." பிறகு குரலைத் தணித்தார். "கொதிச்சாறின தண்ணியெண்டு நானும் சொல்லாம விட்டுட்டன்."

மருந்தோடு திரும்பி வந்தேன். என்னை இறக்கிவிட்டுத் தோணி போய்விட்டது. துறையில் யாரும் இல்லை. பழக்கத்தில் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயருகே கொண்டுபோனேன். பிறகு அதைக் காலில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.