கவ்வாத்துக் கத்தியும் அப்ரிகொட் மரமும்

முப்பது வருஷம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய கை என்னுடையது. எந்தச் செடியானாலும் வெட்ட வெட்டத்தான் தழைக்கும் என்று நம்பியிருந்தேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

லெபனானில் வீட்டு வேலை செய்யும் என் மனைவி, முதல் லீவில் வந்தபோது நாலைந்து அப்ரிகொட் கொட்டைகளைக் கொண்டுவந்து நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் ஊன்றினாள். ஒன்றுதான் முளைத்தது. "இது பூக்கிற வருஷம் வேலைய விட்டுட்டு வந்துர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் உடப்புசல்லாவை மலைக் குளிர் அதற்கு ஒத்துக்கொண்டது. செம்பழுப்புப் பட்டை, ஓரமெல்லாம் பல் வைத்த அகன்ற இலை என்று ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. பூ மட்டும் இல்லை. பூக்கட்டும் என்றுதான் ஒவ்வொரு தையிலும், இலை கொட்டி மொட்டையாக நின்ற மரத்தை ஒட்ட வெட்டினேன். அவளிடம் சொல்லவில்லை, தொழில் ரகசியம் பாருங்கள். இப்படியே நாலு வருஷம்.

போன தையில் வெட்டிக்கொண்டிருந்தபோது வீடியோவில் கூப்பிட்டாள். பெருமையாகக் காட்டினேன்.

"ஐயோ, என்னாங்க செய்றீங்க? அந்தக் கொப்புல உருண்டை உருண்டையா இருக்கே, அது என்னா?"

"துளிரு புள்ள."

"துளிரு கூரா இருக்கும். இது பூ மொட்டுங்க! போன வருஷக் கொப்புலதான் பூக்கும். இங்க எசமான் தோட்டத்துல பாக்குறேனே, மொதல்ல பூ, அப்புறந்தான் எல."

நாலு வருஷமாக அவள் வரவை நானே வெட்டி வெட்டி அடுப்பில் வைத்திருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

"வெட்டுனத தண்ணியில வைங்க" என்றாள்.

வாளியில் நிறுத்தி அடுப்படியில் வைத்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில் பூத்தது. இலையே இல்லாத குச்சியில், காம்பு தெரியாமல் ஒட்டிக்கொண்டு, லேசாக ரோஜா நிறம் ஓடிய வெள்ளையில் ஐந்தைந்து இதழ். போனில் காட்டினேன்.

"மரத்துல பூக்கலயே புள்ள. இது கணக்குல சேருமா?"

அவள் போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பூவைப் பார்த்தாள். பிறகு, "சேரும்" என்றாள்.

பங்குனியில் வந்து இறங்கினாள். பூவெல்லாம் கொட்டி, வாளியில் வெறும் குச்சிதான் நின்றது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. பெட்டியைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இம்புட்டு எளச்சுப் போயிட்டீங்களே" என்றாள்.