மலையில் நான் பிடித்த இடம்

என் நாத்தனாரைப் பழிவாங்குவது என்று நான் முடிவெடுத்தது ஒரு மே மாதக் காலையில். அன்னவாசலில் எங்கள் வீட்டு வாசலில், கையில் புளியோதரைத் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை, திருச்சியில் இருக்கிறாள். அவள் புருஷன் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, உள்ளே படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க் என்று அமைத்து ஓடுகிற வீடாக மாற்றியிருந்தார். அதில் எல்லோருமாகக் கொல்லிமலை போவதாகப் பேச்சு. நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் லீவு என்பதால் சமையல் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். புளிக்காய்ச்சல், எள்ளுப்பொடி, முறுக்கு எல்லாம் தயார். புதுச் சேலையும் கட்டியிருந்தேன்.

வண்டி வந்து நின்றதும் நாத்தனார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்க மதினி. மலையில வளைவுக்கு வளைவு ஒங்களுக்கு வாந்தி வரும். ராத்திரி வண்டிக்குள்ளதான் படுக்குறோம், நாத்தம் அடிச்சா யாரு படுக்கிறது? நீங்க மாட்டப் பாத்துக்கிட்டு இருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். என் வீட்டுக்காரர் வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொல்லி, என் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு ஏறினார். என் மகள் இறங்கப் பார்த்தாள். நான்தான் கண்ணைக் காட்டி உட்காரச் சொன்னேன். பிள்ளைக்கு எதற்கு இந்த வம்பு?

அன்று பகல் முழுக்கக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தபடி இருந்தன. மூடுபனி, அருவி, குரங்கு. ஒரு படத்தில் வாழையிலை நிறைய என் புளியோதரை. 'எங்க அண்ணன் வீட்டுப் புளியோதரை' என்று கீழே எழுதியிருந்தாள். அண்ணன் வீட்டுதாம். கிண்டியவள் யாருமில்லை போலிருக்கிறது.

நான் அழவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். புளிக்காய்ச்சல் பிடித்திருந்த பாத்திரத்தை, தேய்ந்து ஓட்டையாகிவிடுமோ என்கிற அளவுக்குத் தேய்த்தேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். நாத்தனார் அப்போதே அடுத்த பயணத்தைப் பேச ஆரம்பித்துவிட்டாள். இன்னொரு மலையில் வனத்துறைப் பூங்கா ஒன்று இருக்கிறதாம். ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தி அங்கேயே தங்கலாமாம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான் அனுமதியாம். வருகிற பூஜை விடுமுறைக்கு அங்கேதானாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேன். ஏக்கத்தில் கேட்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

குன்றாண்டார்கோவில் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஆவூரைச் சேர்ந்த டீச்சர் ஒருவர் இருக்கிறார். தினமும் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு வருகிறவர். பள்ளி திறந்ததும் நடந்ததை அவரிடம் மட்டும் சொன்னேன். ஆறுதல் எதுவும் சொல்லாமல் அவர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஸ்டியரிங் புடிக்கிறவங்களுக்கு வாந்தி வாரதில்ல டீச்சர். சாயந்தரம் வாங்க, ஓட்டிப் பாப்போம்."

பள்ளி விட்டதும் பழகினேன். எங்கள் பக்கத்தில் மலைப்பாதைக்கு எங்கே போவது? கண்மாய்க்கரை ஏற்றத்தில் காரை நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்பக் கற்றுக்கொண்டேன். முதலில் தினமும் வண்டி அணைந்துபோகும். ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். விட்டுவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் ஜன்னலில் தெரிந்த அந்தச் சிரிப்பை நினைத்துக்கொள்வேன். கால் தானாக கிளட்சை மிதிக்கும். லைசென்ஸ் வாங்கியபின் ஒரு சனிக்கிழமை டீச்சர் என்னைப் பச்சைமலைக்குக் கூட்டிப்போய் வண்டியை என் கையில் கொடுத்துவிட்டார். உச்சிவரை ஓட்டினேன். வயிறு கம்மென்று இருந்தது.

இந்த வயதில் கார் எதற்கு என்று கேட்ட வீட்டுக்காரரிடம், பள்ளிக்கூடம் போய்வர வசதி என்று மட்டும் சொன்னேன்.

படுக்கையும் அடுப்பும் உள்ள வேன் ஒன்றை, நாமே ஓட்டிப் போகிற மாதிரி, திருச்சியில் வாடகைக்குப் பேசி வைத்தேன். பூங்காவுக்கான முன்பதிவு இணையத்தில் திறந்த காலையில், ஹாஸ்டலில் இருந்த என் மகள் கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்தாள். பூஜை விடுமுறையில் ஒரு நாளைக்கூட விடாதே என்று சொல்லியிருந்தேன். "கெடச்சிருச்சும்மா" என்று அவள் போனில் சொன்னபோது வகுப்பில் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். அன்று எந்தப் பிள்ளை தப்பாகச் சொன்னாலும் எனக்குக் கோபம் வரவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது வீட்டுக்காரர் வருத்தத்தோடு சொன்னார். எவனோ முந்திக்கொண்டானாம், தங்கச்சி ரொம்பச் சோர்ந்துபோய்விட்டாளாம். அப்படியா என்று கேட்டு ரசம் ஊற்றினேன். உடனே சொல்லிவிடவில்லை. சில வாரம் அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். தனியாக இருக்கும்போது எடுத்து ருசித்துக்கொள்வேன்.

விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் நாத்தனாரும் அவள் புருஷனும் வீட்டுக்கு வந்தார்கள். வண்டி ஜன்னலுக்கெல்லாம் புதுத் திரை தைத்தது வீணாகிவிட்டதே என்று அவள் புலம்பினாள். அவள் காபியைக் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"அந்த எடத்தப் புடிச்சது நாந்தான்" என்றேன்.

நாத்தனார் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாமெல்லாம் ஒண்ணுதானே மதினி. எங்க வண்டியிலயே எல்லாரும் போயிருவோம்" என்றாள்.

நான் வேறு வண்டி பேசியிருப்பதையும், நானே ஓட்டப்போவதையும், ஆவூர் டீச்சரும் என் மகளும் மட்டும் கூட வருவதையும் சொன்னேன். வேறு யாருக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் புருஷன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரருக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

"அப்ப நானு?" என்றார்.

"மாட்டப் பாத்துக்க ஆள் வேணுமேங்க."

போனோம். கடைசி வளைவுகளில் மூடுபனி இறங்கியிருந்தது, எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட வண்டியை ஓரமாக ஒட்டி நிறுத்தினேன். பக்கத்தில் டீச்சர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். மகள் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டபடியே வந்தாள். ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தபோது தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. டீ போட்டேன். ஓடையை, அடுப்பை, ஸ்டியரிங்கில் என் கையை, எல்லாவற்றையும் படமெடுத்துக் குழுவில் போட்டேன். ஒரு பதிலும் வரவில்லை. ஆனால் யார் யார் பார்த்தார்கள் என்று தெரிந்தது. அந்தப் பெயர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மலையும் அழகாகத்தான் இருந்தது. மனதைத் தொட்டுச் சொன்னால், அந்தப் பெயர்கள்தான் எனக்கு இன்னும் அழகாக இருந்தன.

தை மாதம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் நாத்தனார் என் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. பாயசம் வந்ததும், "ஒங்களுக்கு இம்புட்டு நெஞ்சழுத்தம் இருக்கும்னு நான் நெனைக்கல மதினி" என்றாள்.

"நானும் நெனைக்கல" என்றேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பெரிய சிநேகம் ஒன்றும் வந்துவிடவில்லை. வீட்டுக்காரர் ஒரு மாதம் முறைப்பாக இருந்துவிட்டுச் சரியானார். ஆனால் ஒரு விசேஷமென்றாலும் பயணமென்றாலும் நாத்தனார் இப்போது அண்ணனுக்குப் போன் செய்வதில்லை. எனக்குத்தான் செய்கிறாள். எனக்குத் தோதுப்படுமா என்று கேட்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே ஒருநாள் கழித்துத்தான் பதில் சொல்கிறேன்.