ஆணிச்செருப்பா, கடப்பாரையா, பைப்பா: என் புல்தரையில் நடந்தது

இதை ஃபோனில் அவசரமாக டைப் பண்ணுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் புல்லைப் பற்றித்தான். (சிரிக்காதீர்கள். போன சனிக்கிழமை சாயந்திரம் வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.)

கள்ளக்குறிச்சியில் நாங்கள் வீடு கட்டி இரண்டு வருடம் ஆகிறது. வாசலில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் என் கணவர் புல்லைப் பாய் பாயாக வாங்கி வந்து தன் கையாலேயே பரப்பினார்.

என் மாமியார் நைனார்பாளையத்தில் விவசாயம் பார்த்தவர். "மாடு இல்லாத வூட்டுல புல்லு எதுக்கு?" என்று கேட்டார். அப்புறம் மூட்டு வலிக்குப் போன இடத்தில் டாக்டர் புல்லில் வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் நாற்பது சுற்று.

நடந்து நடந்து மண் இறுகிவிட்டது. களிமண் வேறு. தண்ணீர் இறங்காமல் மேலேயே நின்றது. புல் மஞ்சளாகி வழுக்க ஆரம்பித்தது. ஒரு நாள் அத்தை வழுக்கி, செம்பருத்திச் செடியைப் பிடித்துத் தப்பித்தார். விழுந்திருந்தால் இடுப்பெலும்பு போயிருக்கும்.

அந்தப் பயத்தில்தான் யூடியூப் பார்த்தேன். மண்ணில் ஓட்டை போட்டால் காற்றும் தண்ணீரும் வேருக்கு இறங்குமாம். எதால் போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். சும்மா இருப்பேனா? நைலான் கயிறு கட்டிப் புல்தரையை மூன்று பங்காகப் பிரித்தேன். பங்குக்கு ஒரு வழி. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கெட் தண்ணீர். எது சீக்கிரம் குடிக்கிறதோ அது பாஸ். (டீச்சர் புத்தி எங்கே போகும்?)

சனிக்கிழமை காலை. முதல் பங்குக்குக் கடப்பாரை. இருபது குத்தில் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஓட்டை ஆழம்தான், ஆனால் சுற்றியிருந்த மண் இன்னும் இறுகிப்போனது. ஊற்றிய தண்ணீர் குழியிலேயே நின்றது.

இரண்டாவது பங்குக்குப் பைப். வெல்டிங் பட்டறையில் ஒரு ஜி.ஐ. இரும்புப் பைப்பைச் சாய்வாக வெட்டி, மேலே கைப்பிடி வைத்துத் தந்தார்கள். அழுத்தி இறக்கி இழுத்தால் மண் விரல் விரலாக வெளியே வந்தது. அந்தப் பங்கு பக்கெட் தண்ணீரை மடமடவென்று குடித்தது. ஒரு மண் துண்டில் மட்டும் கறுப்பாக ரப்பர் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. கட்டட வேலைக் குப்பை என்று தூக்கிப் போட்டேன்.

மூன்றாவதைச் சாயந்திரத்துக்கு வைத்துக்கொண்டேன். ஆன்லைனில் வாங்கிய ஆணிச்செருப்பு. அடியில் விரல் நீள ஆணிகள், மேலே பெல்ட். ஷூவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் களிமண் காலைப் பிடித்துக்கொண்டது. எப்படியோ செம்பருத்தி வரை நடந்து, அந்த லட்சணத்தைக் காட்ட, உளுந்தூர்பேட்டையில் வேலையில் இருந்த கணவருக்கு வீடியோ கால் போட்டேன். டேங்க் நிரப்ப மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது.

"எங்க நின்னுக்கினு இருக்க?"

செம்பருத்திப் பக்கம் என்றேன்.

"அசையாத. மோட்டார் கேபிள் அங்கதான் போவுது."

போர்வெல்லிலிருந்து சுவர் வரை கேபிள் வெளியே கிடந்தால் கிரகப்பிரவேச போட்டோவில் அசிங்கமாகத் தெரியுமாம். அதனால் பிளாஸ்டிக் பைப்புக்குள்கூட விடாமல் புல்லுக்கு அடியிலேயே போட்டு மூடியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. அவரே மறந்தும் போய்விட்டார்.

காலடியில் இருபத்தாறு ஆணிகள். ஈர மண். ஓடுகிற மோட்டார். (மின்சாரப் பாடமும் நான்தான் நடத்துகிறேன்.) செத்துப்போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது வாசற்படியில் அத்தை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, நடைக்காகப் புல்லில் இறங்கப் போகிறார்.

"அத்த, கால வெக்காதீங்க!"

கல்யாணமான பதினோரு வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஏன், உன் புல்லு தேஞ்சிபூடுமா?" என்று கேட்டுக்கொண்டே காலைத் தூக்கினார்.

"அடியில கரண்டு போவுதுங்க அத்த. மெயின ஆஃப் பண்ணுங்க."

பம்பு செட்டோடு வாழ்ந்தவருக்குக் கரண்டு என்ற ஒரு சொல் போதும். தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். மூட்டு வலிக்காரர் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். மோட்டார் சத்தம் அடங்கியது. அப்போதும் எனக்குக் கால் எழவில்லை. அத்தைதான் வந்து குனிந்து பெல்ட்டை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் வந்து தோண்டிப் பார்த்தார். ஆணி எதுவும் கேபிளில் படவில்லை. இரண்டு விரல் தள்ளி இறங்கியிருந்தது. எல்லோரும் மூச்சு விட்டோம். அவர் கேபிளைத் தொடர்ந்து பக்கத்துப் பங்குக்குள் போனார். அங்கிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இத இன்னாத்தால குத்துனீங்க?"

கேபிளின் கறுப்புத் தோல் பிறை மாதிரி வெட்டுப்பட்டிருந்தது. உள்ளே சிவப்பு ஒயர் தெரிந்தது. அதன்மேல் கீறல்கூட இல்லை. காலையில் நான் தூக்கிப் போட்ட ரப்பர் துண்டு அந்த இடத்துத் தோல்தான். இரும்புப் பைப்பை வெறுங்கையால் பிடித்திருந்தேன்.

இப்போது கேபிள் பைப்புக்குள், சுவர் ஓரமாகப் போகிறது. அத்தை இன்னும் தன் மகனிடம் பேசவில்லை. தினமும் சாயந்திரம் தானே மெயினை இறக்கி, வீட்டில் ஃபேன் எல்லாம் நின்ற பிறகுதான் புல்லில் இறங்குகிறார். நாற்பது சுற்று. (உங்கள் வீட்டில் மட்டும் பவர்கட்டா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள்.)

எது நல்ல வழி என்று கேட்டால், பைப்தான். அந்தப் பங்கில் மட்டும் புல் துளிர்த்திருக்கிறது. ஆனால் குத்துவதற்கு முன்னால் அடியில் என்ன போகிறது என்று வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்டுவிடுங்கள்.

நான் இன்னும் அந்தப் புல்லில் கால் வைக்கவில்லை. காலையில் பைப்பை இறக்கியபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா? பக்கெட்டில் தண்ணீர் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. மோட்டார் சத்தம் கேட்டதா என்பது மட்டும், எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.