பாங்காக்கில் காயப்போட்ட துவர்த்து

முட்டத்துக்காரர்கள் நாங்கள் நான்கு பேர், மலிவான டிக்கெட் கிடைத்ததென்று பாங்காக் போயிருந்தோம். நாங்கள் தங்கிய சின்ன லாட்ஜில் அறை பெருக்க வரும் அம்மாவுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, குட்டையாக வெட்டிய முடி. எதிரே யார் வந்தாலும் முதலில் சிரித்துவிடுவார்.

ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு, தலை துவட்டிய ஈரத் துவர்த்தைக் காயப்போட இடம் தேடினோம். முற்றத்தில் ஒரு தூண்மேல் பொம்மை வீடு போல ஒன்று இருந்தது.

"புறாக்கூடாக்கும். வெயிலும் நல்லா அடிக்கு. விரி மக்கா" என்றான் கூட வந்த கூட்டுக்காரன் ஒருவன். எல்லாருடைய துவர்த்தையும் அதன் கூரைமேல் விரித்தோம்.

சற்று நேரத்தில் அந்த அம்மா பூமாலையோடு வந்தார். துவர்த்துகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் சத்தம் போடவில்லை. என் கழுத்தில் கிடந்த சிலுவையைச் சுட்டிக் காட்டினார். பிறகு அந்தச் சின்ன வீட்டைக் காட்டி, "காட்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. எங்கள் ஊர்க் குருசடியில் எவனாவது சிலுவைமேல் ஈரத்துணி விரித்தால் சும்மா விடுவோமா?

"ஏலே, எடுங்கலே!" என்று கத்திக்கொண்டே நானும் வாரி எடுத்தேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மாலையைச் சாத்தினார். எங்களையும் பக்கத்தில் வரச்சொல்லிக் கையசைத்தார். வேறொரு தெய்வத்தை நான் கும்பிடலாமா, பங்குச் சாமியார் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் அவர் எங்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்து, எங்களுக்காகவும் சேர்த்துக் கும்பிட்டு முடித்திருந்தார்.